ஓர் ஆசிரியருக்கு எத்தனை வகுப்பு?

ஜூன் மாதம் நெருங்கினால் பரமக்குடி ஐந்துமுனைப் பக்கம் ஃபிளெக்ஸ் பலகைகள் மாறிவிடும். கல்யாண வாழ்த்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் நடுவே பள்ளிக்கூட விளம்பரங்கள் வந்து உட்காரும். வேன் வசதி, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, கராத்தே என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் ‘தனிக் கவனம்’ என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அதே நாட்களில் சுற்றுவட்டார ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கையில் நோட்டீசுடன் வீடு வீடாக வருவார்கள். ‘எங்களிடம் பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறார்’ என்று அவர்களும் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் உள்ள பள்ளி, வீட்டுக்குப் பக்கத்திலேயே, காசில்லாமல், காலை உணவோடு இருக்கிறது. அதை விட்டுவிட்டு, நாற்பது பேர் உட்காரும் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, காலை ஏழரை மணிக்கே வேனில் பிள்ளையை ஏற்றி விடுகிறார்களே, இந்தப் பெற்றோருக்குக் கணக்குத் தெரியாதா? ஆங்கில மோகம், பக்கத்து வீட்டைப் பார்த்துச் செய்வது என்று பல காரணம் சொல்லலாம். அவையும் உண்டு. ஆனால் பெற்றோர் மனத்துக்குள் வேறொரு கணக்கும் ஓடுகிறது. அது தப்புக் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஒரு டீ சொல்லிவிட்டு அதை மெல்லப் பிரித்துப் பார்ப்போம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் நமக்கு ஒரு பள்ளி வேண்டும். எந்த ஊரையும் சுட்டாமல், கணக்குக்காக நாமே ஒன்றைக் கட்டிக்கொள்வோம். வைகைக் கரையோரம் ஒரு கிராமம். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். வகுப்புக்கு நான்கு பேராக மொத்தம் 20 பிள்ளைகள். தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். இதைத்தான் ஈராசிரியர் பள்ளி என்கிறார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்கிராமங்களில் புழங்குகிறவர்களுக்கு இப்படி ஒரு பள்ளி புதிதாக இருக்காது.

இந்த 20 பிள்ளைகளை இரண்டு ஆசிரியர்களால் வகுத்தால் 10 வருகிறது. இதற்குப் பெயர் மாணவர்–ஆசிரியர் விகிதம். மொத்தப் பிள்ளைகளை மொத்த ஆசிரியர்களால் வகுப்பது, அவ்வளவுதான். அரசு அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் சட்டசபைப் பதில்களிலும் வருவது இந்த எண். ‘யுடைஸ் பிளஸ்’ என்று நாடு முழுக்க ஆண்டுதோறும் பள்ளிகளைப் பற்றித் திரட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் 2024–25 அறிக்கைப்படி இந்தியாவில் அடித்தள நிலையில், அதாவது மழலை வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை, இந்த விகிதம் 10. ஒன்பதாம் வகுப்பு முதல் மேலே போனால் 21. கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குக் கேட்பது 30தான். அந்த அளவில் நாம் எப்போதோ தேறிவிட்டோம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். விகிதம் 10 என்று கேட்டவுடன், ஓர் அறையில் பத்துப் பிள்ளைகள், அவர்கள் எதிரே ஓர் ஆசிரியர், அவர் நாள் முழுக்க அந்தப் பத்துப் பேருக்கும் பாடம் நடத்துகிறார் என்று மனத்தில் ஒரு படம் வந்துவிடுகிறது. விகிதத்தையும் வகுப்பின் அளவையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள், பத்திரிகைகளும் ஏமாறுகின்றன. ஆனால் இரண்டும் வேறு வேறு எண்கள்.

நம் பள்ளிக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். அங்கே இருப்பது ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதக் கற்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் வேண்டும். ஐந்து பாடத்திட்டம், ஐந்து செட் புத்தகம், ஆனால் ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை எடுத்துக்கொள்வார், மற்றவர் நான்கையும் ஐந்தையும். ஆக, பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது உண்மைதான். அந்த ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று வகுப்புக்கு ஆசிரியர் என்பதும் உண்மைதான்.

இதை நேரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். ஐந்து வகுப்புக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டுமானால் 4,000 மணி நேரம் தேவை. இரண்டு ஆசிரியர்கள் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் நின்றாலும் அவர்களிடம் இருப்பது 1,600 மணி. ஐந்தால் வகுத்தால் வகுப்புக்கு 320 மணி. அதாவது நாளின் நான்கு மணி நேரத்தில், ஒரு வகுப்புக்கென்றே ஆசிரியர் கிடைப்பது 96 நிமிடம். மீதி நேரத்தில் அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டோ, அட்டையைப் பார்த்துக்கொண்டோ, பக்கத்து வகுப்புப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டோ இருக்க வேண்டும்.

இனி அந்த நாற்பது பேர் வகுப்பைப் பாருங்கள். கூட்டம்தான், சத்தம்தான். ஆனால் அந்த வகுப்பு ஒரே பாடம் படிக்கிறது, நான்கு மணி நேரமும் எதிரே ஓர் ஆசிரியர் நிற்கிறார். கையில் கணக்குப் போடாவிட்டாலும் பெற்றோர் கண்ணில் படுவது இதுதான்: ‘என் பிள்ளை வகுப்புக்கென்று ஒரு டீச்சர் இருக்கிறாரா?’ அவர்கள் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளை என்று எண்ணவில்லை, எத்தனை வகுப்பு என்று எண்ணுகிறார்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் கையில் ஒரு எண், பெற்றோர் கையில் இன்னொரு எண். இரண்டு தரப்பும் சரியாகத்தான் வகுத்திருக்கிறது.

உடனே கிராமப் பள்ளி மட்டம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல வகுப்புகளை ஒன்றாக வைத்துக் கற்பிப்பது ஒரு தனிக் கலை. உலகில் பல இடங்களில் அதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். கொலம்பியாவில் 1970களிலேயே ‘எஸ்குவேலா நுவேவா’ என்ற பெயரில் கிராமப் பள்ளிகளுக்கென்று ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைகளையும் ஏணிப்படிகளையும் வைத்து ஒரு முறை வளர்ந்தது. அந்த வழியில்தான் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழகம் முழுக்கப் பரவியது. பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பார்க்கிற முறை அது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்தே பிரிக்கிறது. நல்ல ஆசிரியர் ஒருவர், இந்த முறையில் தேர்ந்தவர், 96 நிமிடத்தைக் கொண்டு நிறையச் செய்துவிடுவார். ஆனால் அவர் ஒரு நாள் பயிற்சிக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. விகிதம் 20 ஆனால் நாம் பயப்படுவதில்லை. ஐந்து வகுப்புக்கு ஒருவர் என்னும்போதுதான் பிரச்சினை தெரிகிறது.

இப்போது இன்னொரு படி. ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? கல்வி உரிமைச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நான்கு. 121 முதல் 200 வரை ஐந்து. 150ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் 35 பிள்ளைக்கு ஒருவர். அதோடு கணிதம்–அறிவியலுக்கும், சமூக அறிவியலுக்கும், மொழிக்கும் தலா ஒருவராவது இருந்தாக வேண்டும்.

இந்த அட்டவணை சீராக ஏறுவதில்லை, படி படியாக ஏறுகிறது. 60 பிள்ளைகள் உள்ள பள்ளியில் விகிதம் 30. ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்து 61 ஆனால் மூன்றாவது ஆசிரியருக்கு வழி பிறக்கிறது, விகிதம் 20க்கு வந்துவிடுகிறது. அந்த ஒரு பிள்ளை வேனில் ஏறிப் போய்விட்டால் திரும்பவும் 30. வாசலில் நோட்டீசோடு நிற்கும் ஆசிரியருக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஏன் அத்தனை முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தேதியும் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்த பள்ளியில் மிஞ்சுகிறவர் ‘உபரி ஆசிரியர்’ ஆகிறார். அவரை ஆள் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றுவது ‘பணிநிரவல்’. தாளில் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஊரில் பார்த்தால், பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் போகிறார், ஆசிரியர் போனதால் இன்னும் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள், அடுத்த ஆகஸ்டில் இன்னொரு படி இறங்குகிறது.

படிக்கணக்கு நமக்கு மட்டும் உள்ளதல்ல. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், 25 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் 40 வரை ஓர் உதவியாளர், 40ஐத் தாண்டினால் இரண்டு ஆசிரியர் என்று எழுதி வைத்தார். இஸ்ரேலியப் பள்ளிகளிலும் வகுப்புக்கு 40 பேர் என்பது உச்சவரம்பாக இருந்தது. ஆங்ரிஸ்ட், லாவி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1999இல் இதைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 40 பேர் இருந்தால் ஒரே வகுப்பு. 41 ஆனால் இருபதும் இருபத்தொன்றுமாக இரண்டு வகுப்பு. ஒரு பிள்ளை கூடுவதும் குறைவதும் தற்செயல். ஆகவே இரு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டால் வகுப்பின் அளவு செய்யும் வேலை மட்டும் தனியே தெரியும் என்பது அவர்கள் யோசனை. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் சிறிய வகுப்பில் இருந்தவர்கள் மேலாகவே தேர்வு எழுதியிருந்தார்கள்.

சரி, நம் 20 பிள்ளைகளுக்குத் திரும்புவோம். ஏன் 20? ஒரு காலத்தில் இந்தப் பள்ளி நிறைந்திருக்குமே, பிள்ளைகள் எங்கே போனார்கள்?

பாதிப் பதில்: அவர்கள் எங்கும் போகவில்லை, பிறக்கவே இல்லை. 1950களில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஐந்தாறு பிள்ளைகள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்பதைக் கருவுறுதல் விகிதம் என்பார்கள். மக்கள்தொகை குறையாமல் நிற்க அது 2.1 ஆக இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் எண் 1.4. அன்று ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீட்டில் இன்று ஒன்றோ இரண்டோ. பள்ளிக் கட்டடம் அதேதான், ஊர் அதேதான், பெஞ்சில் உட்கார ஆள் குறைந்துவிட்டது.

மறுபாதி, வேறு கதவு வழியாகப் போனவர்கள். மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறது தனியார் பள்ளி. அரசுப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஐந்து வயதுக்குத்தான் கதவைத் திறக்கும். அதற்குள் பிள்ளைக்கு வேன் டிரைவர் பழகிவிடுவார், சீருடை வாங்கியாகிவிடும். இதை உணர்ந்துதான் 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீடும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் இடம் கொடுக்கிறது. இவை போக, இது வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல் தாண்டியும் போகிற குடும்பங்கள் உண்டு. சிலர் பிள்ளையையும் கூட்டிப் போவார்கள், சிலர் பாட்டியிடம் விட்டுப் போவார்கள். பதிவேட்டில் இருந்தும் பெஞ்சில் இல்லாத பிள்ளை இப்படித்தான் உண்டாகிறது.

இப்படிப் பலரும் போனபின் மிஞ்சும் 20 பேர் யார் என்பதையும் கேட்க வேண்டும். எண்ணிக்கை குறைவதோடு கலவையும் மாறிவிடுகிறது. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் விலகியதும், ஊரே ஒன்றாகப் படித்த பள்ளி சில இடங்களில் ஒரு தெருவின் பள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. முன்பு மிராசுதார் பேரனும் கூலிக்காரர் மகளும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தால், ஆசிரியர் வராத நாளில் தட்டிக்கேட்க ஊரில் ஒரு பெரிய குரல் இருந்தது. இப்போது அந்தக் குரல் வேனோடு போய்விட்டது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. சிறிய பள்ளியில் சதவீதங்களை நம்பாதீர்கள். 12 பேரில் 7 பேர் பெண்பிள்ளைகள் என்றால் 58 சதவீதம். இரண்டு பெண்பிள்ளைகள் குடும்பத்தோடு ஊர் மாறினால் 10க்கு 5, அதாவது 50 சதவீதம். ‘பெண்கள் சேர்க்கை எட்டு சதவீதம் சரிவு’ என்று எழுதினால் பயங்கரமாக இருக்கும். நடந்தது ஒரு வீடு காலியானது மட்டும். ஆகவே சிறிய இடங்களில் ஆட்களை எண்ணுங்கள், சதவீதத்தை எண்ணாதீர்கள்.

இனி நம் பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடிக்கிறது. ஆறாம் வகுப்புக்கு ஊரில் இடமில்லை, பரமக்குடிக்கு வருகிறது. நகரத்தின் பழைய பள்ளிகள் சிலவற்றின் பெயரிலேயே அவற்றை நிறுவிய சமூகம் தெரியும். சௌராஷ்டிர மேல்நிலைப் பள்ளி, ஆயிர வைசிய மேல்நிலைப் பள்ளி, கீழ முஸ்லிம் மேல்நிலைப் பள்ளி. இத்தகைய உதவிபெறும் பள்ளிகளில் நிர்வாகம் ஒரு சபையிடம் இருக்கும், ஆசிரியர் சம்பளம் அரசு தரும். ஆனால் பலகையில் இருக்கும் பெயர் வகுப்பறையின் கலவையைச் சொல்லிவிடாது. எமனேசுவரத்து நெசவாளர் வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசி வளர்ந்த பிள்ளையும், கிராமத்து மிளகாய்க் கொல்லையிலிருந்து வரும் பிள்ளையும், கடைவீதி வியாபாரி வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து உட்காரும் இடம்தான் நகரத்து வகுப்பு.

கிராமத்தில் நான்கு பேரோடு படித்த பிள்ளை இங்கே அறுபது பேர் கொண்ட பிரிவில் வந்து உட்காரலாம். இந்த இடத்தில் ‘சராசரி’ என்ற சொல் நம்மை இன்னொரு முறை ஏமாற்றும். அதற்கு ஒரு பஸ் கணக்குப் போடுவோம்.

பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூருக்கு ஒரு டவுன் பஸ் ஐந்து நடை போகிறது என்று வையுங்கள். நான்கு நடையில் பத்துப் பத்துப் பேர். பள்ளிக்கூட நேரத்து நடையில் மட்டும் அறுபது பேர். மொத்தம் நூறு பேர், ஐந்து நடை. கண்டக்டர் டிப்போவில் சொல்வார்: ‘நடைக்குச் சராசரி இருபது பேர் சார், வண்டி காலியாத்தான் போகுது.’ பயணிகளைக் கேளுங்கள். நூறு பேரில் அறுபது பேர் ‘நிற்கவே இடமில்லை’ என்பார்கள். ஒவ்வொரு பயணியையும் ‘உங்கள் பஸ்ஸில் எத்தனை பேர்?’ என்று கேட்டு அந்த விடைகளின் சராசரியை எடுத்தால் 40 வரும். கண்டக்டரும் பொய் சொல்லவில்லை, பயணியும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வண்டியை எண்ணினார், மற்றவர்கள் தாங்கள் நின்ற இடத்திலிருந்து எண்ணினார்கள்.

வகுப்பும் இப்படித்தான். எட்டுக் கிராமப் பள்ளிகளில் பள்ளிக்கு ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம்; வகுப்புக்கு ஐந்து பேர், மொத்தம் 40. நகரத்தில் இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு 60 பேர், மொத்தம் 120. பத்து வகுப்பு, 160 பிள்ளைகள். வட்டாரத்தின் சராசரி வகுப்பு 16 பேர் என்று அறிக்கை சொல்லும். ஆனால் 160 பிள்ளைகளில் 120 பேர் உட்கார்ந்திருப்பது 60 பேர் வகுப்பில். பிள்ளையின் பக்கம் நின்று சராசரி எடுத்தால் 46. சிறிய வகுப்புகள் எத்தனை பெருகினாலும் அவற்றில் இருப்பது கொஞ்சம் பேர்தான். பெரிய வகுப்பு ஒன்றிரண்டே இருந்தாலும் பெரும்பாலோர் அதற்குள்தான் இருக்கிறார்கள். யுடைஸ் அறிக்கை விகிதம் 10 என்று சொன்ன அதே 2024–25இல், நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே ஓர் ஆசிரியரோடு இயங்கின என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. சராசரிக்குள் இரண்டும் அடங்கிவிடும்.

உயர் வகுப்புகளில் இன்னொரு முடிச்சும் உண்டு. அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒரு வகுப்புக்கு வாரத்தில் 40 பாடவேளை என்று கொள்வோம். ஓர் ஆசிரியர் 28 பாடவேளை எடுக்கிறார் என்று கொள்வோம். மீதி நேரத்தில் அவர் தாள் திருத்துவார், பாடம் தயாரிப்பார். ஆக ஒரு வகுப்பை முழு நாளும் நடத்த ஒருவருக்கும் மேற்பட்ட ஆசிரியர் தேவை. 40ஐ 28ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒன்றரை பேர். எனவே விகிதம் 28 என்று காட்டும் பள்ளியில், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே, வகுப்பில் 40 பேர் இருப்பார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. இப்படிப் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் உள்ள பள்ளியில் விகிதம் வகுப்பின் அளவைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

ஒரே பள்ளிக்குள்ளும் பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் உண்டு. 2012–13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. ஆங்கில வழியில் ஐம்பத்தைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, அடுத்த அறையில் தமிழ் வழியில் இருபத்தைந்து பேர் காற்றாட உட்கார்ந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் சராசரி 40 என்று எழுதினால், அந்தப் பள்ளியில் 40 பேர் உள்ள வகுப்பே இல்லை. பிளஸ் ஒன்னில் உயிரியல்–கணிதக் குரூப்புக்கும் தொழிற்கல்விக் குரூப்புக்கும் நடுவிலும் இதே கதைதான்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நியாயமான கேள்வி: வகுப்பு சிறியதாக இருந்தால் படிப்பு நன்றாக வருமா? அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். மழலை வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை 13 முதல் 17 பேர் உள்ள வகுப்பிலும் சிலரை 22 முதல் 25 பேர் உள்ள வகுப்பிலும் வைத்தார்கள். சிறிய வகுப்பினர் முன்னே வந்தார்கள். அதிலும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கூடுதல் பலன் தெரிந்தது. ஆனால் அங்கே ஒரு வகுப்பு என்றால் ஒரு வகுப்புதான், மூன்று வகுப்பு சேர்ந்ததல்ல. மேற்குக் கென்யாவில் 80 பேரை ஒட்டியிருந்த முதல் வகுப்புகளைப் பாதியாக்கிப் பார்த்தபோது, நிரந்தர ஆசிரியர்களிடமே இருந்த பிள்ளைகளின் மதிப்பெண் சொல்லும்படி உயரவில்லை. கூட்டம் குறைந்தது மட்டும் போதவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆசிரியர் அந்தக் கூடுதல் இடத்தைப் பயன்படுத்தினால்தான் சிறிய வகுப்பு பலன் தரும் என்று விளங்குகிறது.

அளவுக்கு மீறிச் சிறியதாவதிலும் இழப்பு உண்டு. மூன்றாம் வகுப்பில் ஒரே பிள்ளை என்றால், அதற்குப் போட்டிக்கு ஆளில்லை, சந்தேகம் கேட்கத் தோழி இல்லை, கபடிக்கு ஏழு பேர் சேராது. அப்படியானால் இரண்டு மூன்று பள்ளிகளை இணைத்துவிடலாமே என்பார்கள். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடைப்பார் என்பது உண்மை. ஆனால் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற விதி சும்மா வந்ததல்ல. ஆறு வயதுப் பிள்ளை ஏப்ரல் வெயிலில் நடக்க வேண்டும். சில ஊர்களில் மதுரை–ராமேசுவரம் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். அம்மா காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டால் கூட்டிப் போக ஆளில்லை. இணைப்பதானால் வண்டி ஏற்பாட்டோடு இணைக்க வேண்டும். இணைக்காவிட்டால் ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆளைக் கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் ‘விகிதம் பத்துதானே’ என்று கையைக் கட்டிக்கொள்வது பதிலாகாது.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்யலாம்? பள்ளியில் சேர்க்கும் முன், அரசுப் பள்ளியோ தனியாரோ, நான்கு கேள்வி கேளுங்கள். என் பிள்ளையின் வகுப்பு தனியாக நடக்கிறதா, எத்தனை வகுப்போடு சேர்ந்து நடக்கிறது? என் பிள்ளை உட்காரப்போகும் அந்தப் பிரிவில் மட்டும் எத்தனை பேர்? ஆசிரியர் பணியிடம் எத்தனை, அதில் இன்றைக்கு ஆள் இருப்பது எத்தனை? பதிவில் இருப்போரில் தினமும் வருவோர் எத்தனை? கடைசிக் கேள்விக்கு யாரிடமும் கேட்கக்கூட வேண்டாம். நம் பள்ளிகளில் கரும்பலகையின் மேல் மூலையில் ‘பதிவு’, ‘வருகை’ என்று இரண்டு எண்களை அன்றன்றைக்கு எழுதும் வழக்கம் உண்டு. எந்த அறிக்கையையும்விடப் புதிய புள்ளிவிவரம் அது.

ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், ‘ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர் என்றால் எங்கள் பிள்ளைக்கு நாளுக்கு எத்தனை நிமிடம்?’ என்று ஒருவர் கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதச் சொன்னால் போதும். அந்தக் கேள்விக்கு விகிதத்தைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஜூலைக்குள் கேட்டுவிடுங்கள். ஆகஸ்ட் 1 கடந்துவிட்டால் அடுத்த கணக்கெடுப்புக்கு ஓர் ஆண்டு ஆகும். அதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கும்.